நீல ரிப்பனும் சிவப்பு விளக்கும்

ஒரு ரோபோவின் தலையில் எரிகிற விளக்கு சிவப்பா நீலமா என்று ஒரு தோட்டமே இரண்டாகப் பிரிந்து நின்ற கதையை வேறு ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். பெரகல சந்திக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே நிறம் என்பது யூனியன் சமாச்சாரம். மேல் லயத்து வரிசை வீடுகளில் பெரும்பாலும் நீலக்கொடி, கீழ் லயத்தில் பெரும்பாலும் சிவப்புக்கொடி. கல்யாணப் பந்தலுக்குத் துணி வாங்கப் போகிறவர்கள்கூட, வம்பு எதற்கு என்று மஞ்சளாகப் பார்த்து வாங்கி வருவார்கள்.

துஷ்யந்திக்கு இந்தச் சங்கடம் பிறக்கும்போதே கூட வந்தது. அவளுடைய அப்பா ஜெயராசாதான் நீலக்கொடிச் சங்கத்தின் தோட்டத் தலைவர். கடைசியாக நடந்த சம்பளப் போராட்டத்தில் எல்லோரும் வேலையை நிறுத்தியிருந்தபோது, சிவப்புக்கொடிக்காரர்கள் முதலில் போய், வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு ஆறாத கோபம். அதே பெரட்டுக் களத்தில், அத்தனை பேருக்கு முன்னால், இனிச் சிவப்புக்காக என் கை எழும்பாது என்று சபதம் போட்டார். சிவப்புச் சங்கத் தலைவர் கஜேந்திரன் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதர். அவரைக் கண்டாலும் ஜெயராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் சிவப்புச் சேலை கிடையாது, சிவப்பு வாளி கிடையாது. தக்காளியை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்தார். கோயில் குங்குமத்தைப் பற்றிக் கேட்டால், அது அம்மனுடைய நிறம், கஜேந்திரனுடையது இல்லை என்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த விதி வந்து சேர்ந்தது. பதுளையில் நடக்கவிருந்த மாகாண ரோபோப் போட்டிக்குத் துஷ்யந்தியின் பாடசாலை முதல் தடவையாகப் பேர் கொடுத்திருந்தது. உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படிக்கிற மூன்று பெண்கள்தான் அணி. ரிமோட்டைப் பிடித்து ரோபோவை ஓட்டுகிறவள் துஷ்யந்தி. சக்கரம், மோட்டார், பெட்டரி எல்லாம் நிஷாந்தினியின் பொறுப்பு. ரிஸ்கா விளக்குக்காரி. பெரகல சந்தியில் த்ரீவீலர்களுக்குக் கலர் விளக்குப் பூட்டிக் கொடுக்கிற பலீலின் மகள் என்பதால் அந்தப் பதவி அவளுக்குக் கேட்காமலே கிடைத்தது. ரோபோவுக்குக் கங்காணி என்று பேர் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கம்பை நட்டுக்கொண்டு, மலையில் வேலை வாங்குகிறவர் மாதிரி அது நிமிர்ந்து நின்றதுதான் காரணம்.

விதியை அவர்களுடைய ஆசிரியர் விஜேந்திரன் சேர் வகுப்பில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ரோபோக்கள் ஓடும். எது யாருடையது என்று நடுவருக்கும் சனத்துக்கும் பார்த்தவுடனே தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு ரோபோவும் தலையில் அணி விளக்கோடு வர வேண்டும். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். யாருக்கு எது என்பதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் குலுக்கி எடுப்பார்கள். விளக்கு ரோபோவில் உள்ள எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும், நாலு பக்கமிருந்தும் தெரிய வேண்டும், மினுங்காமல் நின்று எரிய வேண்டும். ஆட்டத்தின் நடுவே எந்தப் பக்கமாவது மறைந்துபோனால் நடுவர் பத்து வரை எண்ணுவார். கையால் தொடாமல் அதற்குள் சரிப்படுத்தாவிட்டால் அந்த ரோபோ அத்தோடு நிற்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் நாலு பக்கம், மினுங்கல் என்று கவலைப்பட்டார்கள். துஷ்யந்திக்கு ஒரே கவலை, குலுக்கலில் என்ன நிறம் விழும் என்பதுதான். அன்று மாலை வீட்டில் சொன்னபோது ஜெயராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மகள் செய்த ரோபோ பதுளை வரைக்கும் போகிறது என்பதில் அவருக்கு நெஞ்சு விம்மத்தான் செய்தது. ஆனால் சபதம் சபதம்.

"நீலம் விழுந்தா முதல் ஆளா வந்து நிக்கிறேன்," என்றார். "செவப்பு விழுந்தா என்னயக் கூப்பிடாத புள்ள."

துஷ்யந்திக்குப் போட்டியில் வெல்ல வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்ததோ, அப்பா தன் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஆசை அதைவிட ஒரு பிடி அதிகமாகவே இருந்தது. இரண்டையும் ஒரு குலுக்கல் பையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டதே என்று அவள் நொந்துகொண்டாள்.

ரிஸ்கா செய்த முதல் விளக்கைப் பார்த்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அது ஹல்துமுல்லைக்கு ஹயர் போகிற த்ரீவீலர் மாதிரி விட்டுவிட்டு மினுங்கியது, முன்பக்கம் மட்டும் தெரிந்தது. விஜேந்திரன் சேர் விதியை மறுபடி வாசித்தார். ரிஸ்கா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அதன் பிறகு நாலு யோகட் கப்களோடு வந்தாள். வெள்ளைக் கப்புக்குள் சிவப்பு நீலம் இரண்டு பட்டி விளக்கையும் சுருட்டி வைத்து, கம்பின் உச்சியில் திசைக்கு ஒன்றாகக் கட்டினாள். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் நாலும் சிவப்பு, மறுபக்கம் தட்டினால் நாலும் நீலம். யோகட் கப்புக்குள் எரியும்போது வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் பால் மாதிரி பரவி, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தும் தெரிந்தது. கம்பு துஷ்யந்தியின் அம்மா கனகத்துடையது. கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கத் தேயிலைச் செடிமேல் வைக்கிற மட்டக்கம்பு. இலேசும் நேருமான கம்புக்கு அதைவிட்டால் வேறு எங்கே போவது.

போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை கங்காணியை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் லொறி வந்தாலும் தண்ணீர் மோட்டார் வந்தாலும் முதல் மரியாதை அங்கேதான். பூசாரி சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். வினை அதற்குப் பிறகு வந்தது. கஜேந்திரன் மடியிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்தார், ஜெயராசா சட்டைப் பையிலிருந்து ஒரு நீல ரிப்பனை எடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூசாரியிடம் நீட்டினார்கள். பூசாரி பாவம், எதை வாங்கினாலும் அடுத்த திருவிழாவில் பாதித் தோட்டம் வராது. விஜேந்திரன் சேர் நடுவே புகுந்து, ரோபோவில் எந்தக் கொடியும் கூடாது என்று சொல்லி இரண்டையும் திருப்பி அனுப்பினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள் அல்லவா ஜெயராசா. கூட்டம் பிரசாதத்துக்குப் போன நேரம் பார்த்து, யோகட் கப்களுக்குக் கீழே கம்பைச் சுற்றி அந்த நீல ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டார். ரிஸ்கா கண்டுபிடித்து அவிழ்க்கப் போனாள். துஷ்யந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன் கையால் அவளுடைய ரோபோவுக்குச் செய்தது அது ஒன்றுதான். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

போட்டி நாளன்று பதுளை மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்திருந்தது, தப்பு மேளத்தோடு. களத்தில் கம்பளம் விரித்து, அட்டைப் பெட்டிகளால் தேயிலைச் செடிகள் செய்து நிரை நிரையாக நிறுத்தியிருந்தார்கள். நிரைகளுக்கு நடுவே பச்சைப் பஞ்சுப் பந்துகள் கிடந்தன. அதிகப் பந்துகளைத் தன் கூடைக்கு வாரிக்கொண்டு வரும் ரோபோ வெல்லும். கூடைகளும் அணிகளும் களத்தின் ஒரு முனையில். எதிர்முனையில் பந்து சனத்தின்மேல் போகாமலிருக்க உயரமாக வலை. சிவப்பு விளக்கை ஆதரிப்பவர்களுக்கு அணிகளின் முதுகுப் பக்கம் நாற்காலி, நீல விளக்கை ஆதரிப்பவர்களுக்கு வலைக்குப் பின்னால் நாற்காலி என்று ஏற்பாட்டாளர்கள் பிரித்திருந்தார்கள். அந்தப் புண்ணியவான்களுக்குத் தோட்டத்து யூனியன் விவகாரம் தெரிந்திருக்க நியாயமில்லை.

நடுவர் றமீலா மிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். சின்ன வயது, பெரிய கண்டிப்பு. விளக்கைச் சோதிக்க வந்தவர் முதலில் கம்பைப் பிடித்து உலுக்கினார். கம்பு அசையவில்லை. பிறகு நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு குனிந்து, பெட்டரிக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவு எரிந்துகொண்டிருந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். அணி விளக்கைத் தவிர ரோபோவில் வேறு சிவப்போ நீலமோ எரியக் கூடாது என்றார். டேப்பைத் தேடிப் பையைக் கவிழ்த்தால் டேப் இல்லை. நிஷாந்தினி நெற்றியில் இருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்து அந்தப் புள்ளியின் மேல் ஒட்டினாள். றமீலா மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி போட்டார்.

கடைசியாக அவர் பேனாவால் நீல ரிப்பனைத் தூக்கிப் பார்த்தார்.

"இது விளக்குக்குக் கீழே இருக்கு. கீழயே இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்டும் இல்ல," என்றார்.

முதல் ஆட்டத்துக்குத் துஷ்யந்தி குலுக்கல் பைக்குள் கைவிட்டு எடுத்த போத்தல் மூடி நீலம். அவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. ஜெயராசா வலைக்குப் பின்னால் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். கஜேந்திரனின் ஆட்களோ நீல நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று சுவரோரமாக நின்றார்கள். ஆட்டம் தொடங்கியதும் இன்னொரு கூத்து. கொழுந்து எடுப்பதில் யாரும் முந்த முடியாத, சிவப்புச் சங்கத்துப் பெரியாயி, சிவப்பு விளக்கைக் கண்ட பழக்கத்தில், எதிரணி ரோபோ பந்து போட்டபோதெல்லாம் பலமாகக் கை தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் முழங்கையால் இடித்துச் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரணிக்காரர்கள், தங்களுக்கு இவ்வளவு அன்பான ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கங்காணிக்கு ஒரு குறை உண்டு. அது சட்டென்று திரும்பாது. ஒரு மோட்டார் மந்தம். அதனால் துஷ்யந்தி அதைத் திருப்புவதே இல்லை. முகத்தைத் தன் பக்கம் வைத்தபடி பின்னோக்கி வலை வரைக்கும் அனுப்புவாள், பிறகு நேரே முன்னோக்கி இழுப்பாள். வருகிற வழியில் நிரைக்குள் கிடக்கும் பந்துகளை எல்லாம் அது முன்தகட்டால் வாரிக்கொண்டு கூடைக்கு வரும். மற்ற ரோபோக்கள் சுற்றிச் சுழன்று ஒவ்வொரு பந்தாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கங்காணி பின்னே போய் முன்னே வந்தே முதல் ஆட்டத்தை வென்றது. வலைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் அவளுக்குக் கேட்டது. மைக் இல்லாமல் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் கேட்கிற குரல் அது.

அரையிறுதிக்குச் சிவப்பு விழுந்தது. ரிஸ்கா சுவிட்சைத் தட்டியதும் நாலு கப்பும் செக்கச்செவேல் என்று எரிய, கஜேந்திரனின் ஆட்கள் தப்பை எடுத்து வெளுத்து வாங்கினார்கள். ஜெயராசா எழுந்து மண்டபத்துக்கு வெளியே போய்விட்டார். ஆட்டம் முழுக்கத் துஷ்யந்தியின் ஒரு கண் ரோபோவில், ஒரு கண் வாசலில். வென்றார்கள். வென்றதும் வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஆளிடம் என்னவோ விசாரித்துவிட்டு, முகம் மலர்ந்து, பிறகு அவசரமாக மறுபடி இறுகிக்கொண்டு உள்ளே வந்தது.

இறுதி ஆட்டம் மொனராகலை அணியோடு. வென்றால் கொழும்புக்கு, தேசியப் போட்டிக்கு. துஷ்யந்தி கண்ணை மூடிக்கொண்டு, அம்மா தாயே நீலம், நீலம் என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டாள். கையைத் திறந்தபோது உள்ளங்கையில் சிவப்பு மூடி இருந்தது. ரிஸ்கா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

தோட்டத்துச் சனம் முழுக்க, சிவப்பும் நீலமுமாக, இந்தத் தடவை சிவப்பு நாற்காலிப் பக்கம் வந்து நெருக்கி உட்கார்ந்தது. இறுதி ஆட்டம் என்று வந்த பிறகு மேல் லயமாவது கீழ் லயமாவது. அப்பா வெளியே போவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் போகவில்லை. எல்லோரும் பார்க்க நடந்து போய், வலைக்குப் பின்னால், நீல நாற்காலியில், மொனராகலைக்காரர்களின் நடுவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

துஷ்யந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே போயிருந்தாலாவது பரவாயில்லை. எதிரணி ஆட்களோடு போய் உட்கார வேண்டுமா? பெற்ற பிள்ளையைவிட ஒரு கொடி பெரிதா? ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இனி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு பண்ணினாள்.

விசில் ஊதியதும் எல்லாம் மறந்துபோயிற்று. மொனராகலை ரோபோ பெரியது, வேகமானது, பக்கவாட்டில் நீண்ட கை ஒன்று வைத்திருந்தது. அது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பந்துகளை அள்ளியது. கங்காணி பின்னே போய் முன்னே வந்து, பின்னே போய் முன்னே வந்து விடாமல் துரத்தியது. நீலக் கூடை ஒரு பந்து முந்தும், சிவப்புக் கூடை உடனே சமன் பண்ணும். தப்புச் சத்தத்தில் மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. நிஷாந்தினி துஷ்யந்தியின் காதுக்குள்ளேயே, வலது நிரை, இப்ப இடது நிரை என்று கத்திக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வேகமும் அப்படி ஒரு சந்தோஷமும் துஷ்யந்திக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கங்காணி தன் கையின் நீட்சிதான் என்பது போல ஓடியது.

களத்தின் நடுவில் இரண்டு ரோபோக்களும் உரசிக்கொண்டன. மொனராகலை ரோபோவின் நீண்ட கை கங்காணியின் கம்பில் பட்டு விலகியது. பெரிய அடி இல்லை. கங்காணி பாட்டுக்குப் பின்னோக்கிப் போனது. அப்போதுதான் றமீலா மிஸ் கையை உயர்த்திச் சிவப்பு விளக்கைக் காட்டி எண்ணத் தொடங்கினார்.

"ஒண்டு."

துஷ்யந்திக்குப் புரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது?

"ரெண்டு."

ரிஸ்கா கோட்டின் விளிம்பு வரைக்கும் ஓடி எக்கிப் பார்த்தாள். முன்பக்கம் எரிகிறது, இடது எரிகிறது, வலது எரிகிறது என்று பதறினாள். பின்பக்கம் வலையைப் பார்த்து இருந்தது. அது இவர்கள் யாருக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டிப் போனால் அதற்கே ஆட்டம் போய்விடும். கங்காணியைத் திருப்பிப் பார்க்கலாம் என்றால் அது முக்கி முனகித் திரும்புவதற்குள் பத்து எண்ணி முடிந்துவிடும். பின்பக்கம் வயர் கழன்றதா, கப் உடைந்ததா, என்னவென்று தெரியாமல் எதைச் சரி பண்ணுவது?

"மூணு. நாலு."

வலைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. மொனராகலைக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ஏன் திறக்க வேண்டும்? ஒருவர் மட்டும் நாற்காலியின் மேல் ஏறி நின்றார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினார். பெரட்டுக் களத்தில் இனி எழும்பாது என்று சொன்ன கை.

"துசி, பின்பக்கம்!" தப்புச் சத்தம், விசில், சனத்தின் கூச்சல் எல்லாவற்றையும் பிளந்துகொண்டு அந்தக் குரல் வந்தது. "நா கட்டுன ரிப்பன் மேல ஏறிக்கிச்சு. நம்ம செவப்ப மறைக்குது. வலையில கொண்டாந்து சிக்க வைய்யி புள்ள!"

தப்பு சட்டென்று நின்றது. தோட்டத்துச் சனம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது. துஷ்யந்தி மட்டும் பார்க்கவில்லை. அவள் கை ஏற்கெனவே ரிமோட்டின் பிடியைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. கங்காணி நேரே பின்னோக்கிப் போய் வலையில் முட்டியது. கம்பின் உச்சி வலைக் கண்ணுக்குள் அழுந்தியது.

"ஏழு. எட்டு."

முன்னோக்கி இழுத்தாள். வரவில்லை. ரிப்பனோடு கம்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. வலை கூடாரம் மாதிரி இழுபட்டது. கம்பு முறிந்தால் விளக்கும் போச்சு, ஆட்டமும் போச்சு. ஜெயராசா நாற்காலியிலிருந்து குதித்து வலைக்குக் கிட்டே வந்து, தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இழு புள்ள இழு என்று துடித்தார்.

"ஒம்பது."

ரிஸ்கா இறுக்கிய கட்டு இறுகித்தான் இருந்தது. ரிப்பன்தான் கிழிந்தது. கங்காணி துள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்தது, நாலு கப்பும் நாலு பக்கமும் செக்கச்செவேல் என்று எரிய. றமீலா மிஸ் உயர்த்திய கையைக் கீழே விட்டார். நீல ரிப்பன் வலையில், ஜெயராசாவின் மூக்குக்கு நேரே, தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் எந்தச் சங்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. மணி அடிக்கப் போகிறது, நீலக் கூடை ஒரு பந்து முன்னால். கங்காணி கடைசி நிரை வழியே வந்துகொண்டிருந்தது, முன்தகட்டில் இரண்டு பந்துகள் உருள. மொனராகலை ரோபோவின் கையில் எதுவும் இல்லை, அது குறுக்கே வந்து தடுக்கப் பார்த்தது. துஷ்யந்தி வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு விரல் இடைவெளியில் கங்காணி அதைக் கடந்து வந்து கூடை வாயில் நின்றது. இரண்டு பந்தும் உள்ளே விழுந்தன. மணி அடித்தது. நிஷாந்தினி ஓவென்று கத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மொனராகலை ஆசிரியர் முறைப்பாடு கொண்டுவந்தார். பார்வையாளர் ஒருவர் ஓட்டுகிறவளுக்கு வழி சொல்லிவிட்டார் என்றார். அதுவும் நம்முடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்று சேர்த்துச் சொன்னார். றமீலா மிஸ் விதியைப் புரட்டினார். விளக்கு நாலு பக்கமும் தெரிய வேண்டும் என்பதுதான் விதி, தெரியவில்லை என்று சனம் கத்தக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ரிப்பன் கட்டினதுக்காக ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். அந்த எச்சரிக்கையைத் துஷ்யந்தி பரிசு போல வாங்கிக்கொண்டாள்.

ஜெயராசா களத்தைச் சுற்றிக்கொண்டு வந்தபோது முதலில் எதிரே வந்தவர் கஜேந்திரன். இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். சுற்றி இருந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"தலைவரே, 'நம்ம செவப்பு'ன்னு சொன்னது என் காதுல விழுந்திச்சே," என்றார் கஜேந்திரன்.

"என் புள்ள செவப்பச் சொன்னேன்யா. ஒன் செவப்ப இல்ல."

கஜேந்திரன் சிரித்துவிட்டார். ஜெயராசாவுக்கும் உதடு அடங்கவில்லை. தாங்க முடியாமல் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்துப் பையன்களைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சங்கங்கள் ஒன்றாகிவிடவில்லை, அடுத்த சம்பளப் பேச்சில் எப்படியும் மறுபடி முட்டிக்கொள்ளத்தான் போகிறார்கள். ஆனால் அன்றைக்குப் பண்டாரவளையில் பஸ் நின்றபோது இரண்டு பேருக்குமான தேத்தண்ணியை ஒரே ஆள் சொன்னார்.

பஸ்ஸில் கங்காணிக்குத் தனி ஆசனம். துஷ்யந்தி பக்கத்தில் உட்கார்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜெயராசா முன்னால் இருந்து எழுந்து வந்து, மகளுக்குப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குரல் முழுக்கக் கட்டிப்போயிருந்தது. கம்பு வலையில மாட்டிக்கிட்டப்ப உசிரே போயிருச்சு என்றார். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது என்றாள். எதிரணி ஆட்களோடு போய் உட்கார்ந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரே தலையைக் குனிந்துகொண்டு, வெளிய நிக்க மனசு வரல, செவப்புப் பக்கம் ஒக்காரவும் முடியல என்று முணுமுணுத்தார். துஷ்யந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழும்புல என்ன நிறம் விழும்?" என்று கேட்டார்.

"அதுவும் குலுக்கித்தாம்பா எடுப்பாங்க."

"எதாச்சும் விழுந்துட்டுப் போகட்டும். நா எங்க ஒக்காரணும்னு மட்டும் சொல்லு."

துஷ்யந்தி யோசிக்கவே இல்லை.

"பின்பக்கம் ஒக்காருங்கப்பா. எங்களுக்குத் தெரியாத பக்கம் அதுதான்."

சரி என்று அவர் தலையாட்டினார். ரிஸ்கா முன் ஆசனத்திலிருந்து திரும்பி, ஆனால் அங்கிள் ரிப்பனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.